டிசையர் பெட்ரோல்: குமரி மாவட்ட ஏற்ற இறக்கத்தில் ஒரு குடும்பக் கார்

எங்களிடம் இருப்பது 2020 மாடல் மாருதி சுஸுகி டிசையர், விஎக்ஸ்ஐ என்ற நடுத்தர வகை, பெட்ரோல், மேனுவல் கியர். வீடு தக்கலையிலிருந்து குலசேகரம் போகிற பக்கம். நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா. ஓடியது எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. செடானா (டிசையர் போல டிக்கி தனியாகப் பின்னால் நீளும் கார்), எஸ்யூவியா (உயரமான கார்) என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குப் போனில் சொன்னதையெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது மைலேஜ். கம்பெனி சொல்லும் கணக்கு லிட்டருக்கு 23.26 கி.மீ. நான் டேங்க் நிறைய அடித்து, மறுபடி நிறைய அடிக்கும்போது கணக்குப் பார்ப்பவன். காவல்கிணறு தாண்டி நான்குவழிச் சாலையில் 80-லேயே வைத்து மதுரை வரை போனால் ஏசி போட்டும் 21, 22 கிடைக்கிறது. மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று உள்ளூரில் சுற்றினால் 15, 16-தான். நம் மாவட்டத்துக்காரர்கள் இந்த இரண்டாவது எண்ணை வைத்தே பட்ஜெட் போட வேண்டும். இங்கே ரோடு வளையும், ஏறும், உடனே இறங்கும், நடுவில் ஒரு ஜங்ஷன் வரும். இரண்டாவது, மூன்றாவது கியரை விட்டு வெளியே வர வழியில்லாத ஓட்டம். இன்னொன்று, கேரளத்தில் பெட்ரோல் விலை அதிகம். திருவனந்தபுரத்துக்கு ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று போகிறவர்கள் எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமே நிரப்பிக்கொள்ளுங்கள். 37 லிட்டர் டேங்க், போய்வர தாராளமாகப் போதும்.

மைலேஜை விட எனக்கு இந்த வண்டியில் பிடித்தது டிக்கி. 2008-ல் வந்த முதல் டிசையர் நாலு மீட்டருக்கு மேல் நீளம். சின்னக் காருக்கான வரிச்சலுகைக்காக 2012-ல் வாலை வெட்டினார்கள், டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. 2017-ல் வந்த வடிவத்தில்தான் 378 லிட்டராக உயர்ந்தது. எங்கள் வண்டி அந்த வடிவம். எண் கிடக்கட்டும், எங்கள் டிக்கியில் என்ன ஏறுகிறது என்று சொல்கிறேன். தோட்டத்திலிருந்து ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை இரண்டு, உரித்த தேங்காய் ஒரு சாக்கு, கூடவே பிள்ளைகளின் பைகள். வாழைக்கறை பட்டால் போகாது என்பதால் அடியில் பழைய சாக்கு விரித்தே வைத்திருக்கிறேன். குளச்சலில் மீன் வாங்கினாலும், சக்கைப்பழம் (பலாப்பழம்) ஏற்றினாலும், கருவாடே ஆனாலும், உள்ளே இருக்கிறவர்களுக்கு வாசம் பெரிதாகத் தெரியாது. இருக்கைக்குப் பின்னால் திறந்து கிடக்கிற ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் இந்தச் சுகம் இல்லை. நம் ஊரில் குடும்பக் கார் பாதி நாள் சுமை வண்டியும்தான். அதனால்தான் நான் செடான் பக்கம் நிற்கிறேன். டிக்கியின் வாசல் மட்டும் சிறியது, விளிம்பும் உயரம். பெரிய சக்கையைத் தூக்கி உள்ளே இறக்க இரண்டு கை போதாது.

பின்சீட்டில் கால் நீட்ட இடம் உண்டு, பின்னால் ஏசி வென்ட்டும் உண்டு. சித்திரை வெயிலில் பிள்ளைகள் சண்டை போடாமல் இருப்பதற்கு அந்த வென்ட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் சீட் தாழ்வு. அம்மாவுக்கு மூட்டுவலி. உட்காரும்போது சிரமமில்லை, இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் "மக்களே, ஒரு கை தா" என்பார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் ஷோரூமுக்கு அவர்களையும் கூட்டிப்போய், ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உயரமான வண்டிதான் மேல்.

எஞ்சின் நாலு சிலிண்டர், 1197 சிசி, சக்தி 90 பிஎஸ் (குதிரைத்திறன்). சத்தம் குறைவு, மிக மென்மை. தனியாகப் போனால் இழுவைக்குக் குறையே இல்லை. ஐந்து பேரும் ஏசியும் சேர்ந்து பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் ஏறும்போது இரண்டாவது கியரில் திணறும், தயங்காமல் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். அடிவயிறு தரையிலிருந்து 163 மி.மீ. உயரம். ஆள் நிறைந்தால் அதுவும் குறையும். ஊராட்சி ரோடுகளில் கணக்கில்லாமல் போட்டிருக்கும் வேகத்தடைகளில் கொஞ்சம் சாய்வாக ஏற்றி இறக்கினால் தட்டாது. சிக்னலில் தானாக எஞ்சின் நிற்கும் வசதி மார்த்தாண்டம் நெரிசலில் எனக்கு உதவவில்லை. எஞ்சின் நின்றால் ஏசிக் குளிர்ச்சியும் நின்றுபோகும். வண்டி எடுத்ததும் அந்த பட்டனை அமர்த்திவிடுவேன்.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காற்றாலைகள் சும்மா அங்கே நிற்கவில்லை. டிசையர் சுமார் 900 கிலோதான். மைலேஜுக்கு நல்லது, அந்தக் கணவாயில் இருக்கும் முப்பந்தலில் பக்கவாட்டுக் காற்றுக்கு நல்லதல்ல. லாரியைத் தாண்டி வெளியே வந்ததும் வண்டியை ஒரு தள்ளு தள்ளும். அங்கே 60, 70-க்கு மேல் போவதில்லை, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கும்.

அடுத்தது உப்பு. மனைவியின் வீடு முட்டத்தில், கடலுக்குப் பக்கம். இரவு அங்கே நிறுத்திவிட்டுக் காலையில் பார்த்தால் முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் துரு. முதல் இரண்டு பிரேக்கில் உரசி, போய்விடும், பயப்பட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடம்தான் முக்கியம். கதவுகளின் அடிப்பக்கம் தண்ணீர் வடியும் ஓட்டைகள் இருக்கும், அதில் மணல் அடைத்தால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். ஊருக்கு வந்ததும் அடிப்பக்கம் முழுக்க நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுகிறேன், அந்த ஓட்டைகளைக் குச்சியால் குத்திவிடுகிறேன். மழைக்காலத்தில் நாள்கணக்கில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக் போடாமல், சமதரையில் கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கல் வையுங்கள். பின்னால் இருப்பது டிரம் பிரேக், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நமக்கு மழைக்காலம் வருஷத்துக்கு இரண்டு.

செலவு என்று பார்த்தால் டயர், பேட்டரி, பிரேக் பேட், வைப்பர், அவ்வளவுதான். கிளட்ச் இன்னும் கம்பெனியில் போட்டதே. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ். ஒரு சர்வீஸ் சென்டரில் நான் கேட்காத எஞ்சின் கிளீனிங்கும் பூச்சும் பில்லில் ஏறியிருந்தன. கேட்டதும் எடுத்தார்கள். இப்போது வண்டி விடும்போதே வேலைப் பட்டியலை எழுதி வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

பாதுகாப்பில் எங்கள் வண்டிக்கு இரண்டு ஏர்பேக்தான். 2024 நவம்பரில் வந்த புது டிசையருக்கு எல்லா மாடலிலும் ஆறு, காரை மோதவைத்துப் பார்க்கும் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது பெரிய விஷயம். பணம் இருந்தால் பழையதைத் தேடாமல் அதையே எடுங்கள் என்பேன். ஆனால் அதில் எஞ்சின் எங்களுடையதுபோல் நாலு அல்ல, மூன்று சிலிண்டர்; இழுவையும் மென்மையும் எப்படி என்று நீங்களே ஓட்டிப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவை நாகர்கோவில் டவுனுக்குள் ஒரு சுற்றோடு முடிக்காதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, ஒரு நல்ல ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.