தடித்த இடைச்சுவர்: அறுவையா, ஆல்கஹாலா?

இதயத் தசை தடிக்கும் நோயில், இடது கீழறையிலிருந்து பெருந்தமனிக்குச் செல்லும் இரத்தத்தை இரு கீழறைகளுக்கும் நடுவேயுள்ள இடைச்சுவர் மறித்து, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் போன்ற மருந்துகளுக்கும் மூச்சிரைப்பு அடங்காமல், தடைக்கு இருபுறமும் உள்ள இரத்த அழுத்த வேறுபாடு 50 மி.மீ. பாதரச அளவையோ அதற்கு மேலோ எட்டும்போதுதான் அறுவை, ஆல்கஹால் செலுத்துதல் ஆகிய இரு வழிகளும் பரிசீலிக்கப்படுகின்றன.

1960-களில் அமெரிக்க இதய அறுவை மருத்துவர் ஆண்ட்ரூ மாரோ செம்மைப்படுத்திய அறுவையில், நெஞ்சைத் திறந்து, பெருந்தமனி வழியாக மிகுதித் தசை செதுக்கி எடுக்கப்படுகிறது. தடை அப்போதே நீங்குகிறது. ஈரிதழ் வால்வில் கோளாறு இருந்தால் அதையும் உடன் சரிசெய்யலாம். ஆனால் கைதேர்ந்த அறுவை மருத்துவர்கள் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

1994-இல் இதய மருத்துவர் உல்ரிக் சிக்வார்ட் தொடங்கிய முறையில், இடைச்சுவருக்கு இரத்தம் தரும் சிறு தமனிக்குள் கதீட்டர் எனும் மெல்லிய குழாய் வழியே 1 முதல் 3 மி.லி. வரை தூய ஆல்கஹால் செலுத்தப்படுகிறது. சிறிய மாரடைப்பொன்றை வேண்டுமென்றே உண்டாக்குவது என்றே இதைச் சொல்லலாம். மார்பெலும்பை அறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தழும்பு சுருங்கி முழுப்பலன் தெரியச் சில மாதங்கள் ஆகலாம். தமனியின் அமைப்பு ஒத்துவராவிட்டால் பலன் குறையும். பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பும் அறுவையைவிட அதிகம்.

எனவே இளவயதினருக்கு அறுவையே மேல் என்பேன். முதுமையாலோ பிற நோயாலோ அதைத் தாங்க இயலாதவருக்கு ஆல்கஹால் முறை பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் மரபணுக் குறை மாறுவதில்லையாதலால், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் எக்கோ பரிசோதனை அவசியம்.