சாலையோரத் தெளுவுக் கடைகள்: முட்டியில் இருந்தால் வாங்கலாம், பாட்டிலில் வேண்டாம்

மாசி பிறந்ததும் ஈரோடு, காங்கேயம், தாராபுரம் பக்கத்துச் சாலையோரங்களில் ஓலைப் பந்தலும் முட்டி எனும் மண்கலயங்களுமாகத் தெளுவுக் கடைகள் முளைத்துவிடும். வெளியூரில் பதநீர் என்பார்கள். வெயிலுக்கு இதைவிட நல்ல பானம் கொங்கு நாட்டில் இல்லை. ஆனால் தெளுவு என்று எழுதி வைத்த கடையிலெல்லாம் தெளுவு கிடைப்பதில்லை.

நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது சுண்ணாம்புதான். பனையின் பூம்பாளையைச் சீவி முட்டி கட்டும் முன் அதன் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். சொட்டும் சாற்றில் ஈஸ்ட் சேர்ந்ததும் புளிப்பு தொடங்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை அதைத் தடுக்கிறது. பூச்சு குறைந்தால் நுரை தள்ளிக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உண்டு என்பதால், விவரமான கடைக்காரர் அதை விற்காமல் கொட்டிவிடுவார். பூச்சு கூடிப்போனால் நாக்கு சொரசொரக்கும், தொண்டை கரகரக்கும். சுண்ணாம்பு அடியில் படிய விட்டு, கலக்காமல் மேலாக மொண்டு வடிகட்டி ஊற்றும் கடைதான் சரியான கடை. முட்டியை ஆட்டிவிட்டு ஊற்றினால் வாங்காதீர்கள்.

விடியற்காலையில் இறக்கியதைக் காலை பத்து மணிக்குள் குடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயில் ஏற ஏறப் புளிப்பும் ஏறும். பருவமும் முக்கியம். ஐப்பசி அடைமழையில் ஒருவர் குடம் குடமாகத் தெளுவு விற்றால், அது எந்த மரத்தில் இறக்கியது என்று கேளுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. தண்ணீரில் அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரையும் சாக்கரினும் கலந்ததைக் குடித்தால் இனிப்பு நாக்கிலேயே தங்கி, கடைசியில் லேசாகக் கசக்கும். அசல் தெளுவின் இனிப்பு சீக்கிரம் இறங்கிவிடும், பனை வாசம் மட்டும் நிற்கும். ஐஸ் போட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் முதல் வாய் ஐஸ் இல்லாமல் குடித்துப் பாருங்கள்.

பச்சைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றிக் கொடுத்தால் அந்த ஓலை வாசத்துக்காகவே குடிக்கலாம். காய்ந்த ஓலை மடிப்பில் வெடித்து ஒழுகும். பாட்டிலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோவது வீண். வழியிலேயே புளித்து, வாயு சேர்ந்து பாட்டில் உப்பிவிடும். கொண்டுபோயே ஆக வேண்டுமென்றால் தூக்குப்போசியில் (தூக்குவாளியில்) வாங்கி, போனதும் குளிர்பெட்டியில் வைத்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

‘சர்க்கரை நோய்க்கு நல்லது’ என்று சில கடைகளில் பலகை தொங்குகிறது. இது தவறு, ஆபத்தும்கூட. தெளுவில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். காய்ச்சினால் கருப்பட்டி ஆவது அதனால்தான். சர்க்கரை நோயாளிகள் அந்தப் பலகையை நம்ப வேண்டாம்.

பக்கத்திலேயே நொங்கும் இருக்கும். உரித்துத் தண்ணீரில் மிதக்கவிட்ட பாக்கெட் நொங்கு கொழகொழத்துப் போயிருக்கும். குலையிலிருந்து கண் முன்னே சீவித் தரச் சொல்லுங்கள். நொங்கின் கண்ணில் விரலை வைத்து அழுத்தினால் மெத்தென்று அமுங்கி உள்ளே நீர் ததும்ப வேண்டும். கெட்டியாக இருந்தால் முற்றிவிட்டது, மென்றாலும் ருசிக்காது. இளநொங்கைத் தோலோடு சாப்பிடலாம், துவர்ப்பு பிடிக்காதவர்கள் உரித்துக்கொள்ளலாம். நொங்கைப் பிய்த்துத் தெளுவுப் பட்டையிலேயே போட்டுத் தரும் கடை அமைந்தால், நொங்குக்குத் தனியாகக் காசு கேட்டாலும் யோசிக்காமல் வாங்குங்கள்.