எஸ்.எஸ். சிக்னியும் யு ஜெமினோரமும்: எட்டு அங்குல டாப்சோனியனின் நீண்டகாலப் பயன்பாடு

வெண்குள்ளன் (எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த எச்சம்) ஒன்று துணை விண்மீனிடமிருந்து வாயுவை இழுத்து, அவ்வப்போது வெடித்துப் பிரகாசிக்கும் இரட்டை விண்மீன்களைப் பார்க்க பெரிய கருவி தேவையில்லை. 200 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத் தூரம், 25 மி.மீ., 10 மி.மீ. என இரண்டு ஐபீஸ்கள்: இவ்வளவு கொண்ட டாப்சோனியன் (அடிப்பலகைமேல் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) போதும். வெடிப்பின் ஏற்றம் பெரும்பாலும் இதில் தெரிகிறது.

தொடங்க ஏற்றது சிக்னஸ் (அன்னம்) விண்மீன்குழுவில் உள்ள எஸ்.எஸ். சிக்னி. அடங்கியிருக்கையில் பொலிவெண் 12 (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்). சுற்றியுள்ள வாயு வட்டு சூடேறி அயனியாகும்போது ஓரிரு நாளில் 8-ஐ ஒட்டி ஏறிவிடும். சராசரியாக ஏழு வாரத்துக்கு ஒருமுறை இது நடந்தாலும், நாள் குறித்துக் காத்திருக்க முடியாது. 75 சிக்னி என்ற விண்மீனைப் பிடித்து, அங்கிருந்து வடகிழக்கே அரைப் பாகைக்குச் சற்று அதிகமாக நகர்ந்தால் போதும். ஒரே சிக்கல், இது மாலையில் உயர்ந்து நிற்கும் அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை.

அதனால் இங்கிருந்து பார்க்க, இதே வகையைச் சேர்ந்த யு ஜெமினோரம்தான் மேல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு; விண்மீனும் உச்சிக்கு அருகே வரும். ஆனால் டாப்சோனியனுக்கு உச்சிதான் பகை. கோவையிலிருந்து இது 79 பாகை வரை ஏறும். அங்கே குழாயைச் சிறிது நகர்த்தவும் அடிப்பலகையை நிறையத் திருப்ப வேண்டியிருக்கும், விண்மீன் நழுவிவிடும். உச்சம் தாண்டும் நேரத்துக்கு இரண்டு மணி முன்போ பின்போ பாருங்கள்.

மதிப்பிடும் முறையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏ.ஏ.வி.எஸ்.ஓ. (மாறும் விண்மீன்களைப் பதிவுசெய்யும் அமெரிக்க நோக்கர் சங்கம்) வரைபடத்தில் ஓர் ஒப்பீட்டு விண்மீனருகே 98 என்றால் அதன் பொலிவெண் 9.8, புள்ளியை விண்மீனாக நினைத்துவிடாதிருக்கவே அதை விட்டுவிட்டார்கள். 98-க்கும் 105-க்கும் இடையே, 98-இலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளித் தெரிந்தால் 10.0. சிவந்த ஒப்பீட்டு விண்மீனை உற்றுப் பார்க்கப் பார்க்க அது பொலிவு கூடுவதுபோல் தோன்றும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். இரண்டு விண்மீன்களையும் இணைக்கும் கோடு இரு கண்களின் கோட்டுக்கு இணையாக வரும்படி தலையைச் சாய்ப்பதும் அவசியம். வரைபடம் எடுக்கும்போது நியூட்டோனியனுக்குரிய (டாப்சோனியனின் ஆடி அமைப்பும் அதுவே) தலைகீழ் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

யு ஜெமினோரம் அடங்கியிருக்கையில் 14-ஐவிடவும் மங்கிவிடும். எட்டு அங்குலத்தில் பெரும்பாலும் தெரியாது. தெரியாததும் ஒரு பதிவுதான். கண்ணுக்குப் பட்ட மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் 134 என்றால் “<13.4” என்று, அதாவது 13.4-ஐவிட மங்கல் என்று, எழுதுங்கள். வெடிப்பு எந்த இரவில் தொடங்கியது என்பதை இந்த வரிகளே நெருக்கிக் காட்டும். “இப்போது அடங்கித்தான் இருக்கும்” என்ற முன்முடிவோடு எண் போடுவது மிக மோசமான பழக்கம். 2021 தொடக்கத்தில் எஸ்.எஸ். சிக்னி முழுதாக அடங்காமல், வழக்கம்போல் வெடிக்காமலும் இடைநிலையில் அலைந்தது. பழைய வழக்கத்தை நம்பி எழுதியிருந்தால் அந்த மாற்றமே பதிவாகியிருக்காது.

நேரம் குறிப்பதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஜூலியன் நாள் (வானியலில் நாட்களைத் தொடர் எண்ணாக எண்ணும் முறை) நம் மாலை 5.30-க்கு மாறுகிறது, இரவு முழுவதும் ஒரே முழு எண். இரவு 8.30 என்றால் பின்னம் .125.

கருவியின் குறைகள்: அடிப்பலகை அமுக்கிய மரத்தூள் பலகை. ஈரத்தில் விளிம்பு ஊதி, திருப்பும்போது இறுகும். வாங்கிய வாரத்திலேயே வெட்டு விளிம்புகளுக்கு வார்னிஷ் அடியுங்கள். ஒவ்வொரு இரவும் ஆடிகளின் நேர்ப்பாட்டைச் சரிபார்க்க வேண்டும். தவறினால் மங்கலான விண்மீன்கள்தான் முதலில் காணாமல் போகும்.

யு ஜெமினோரத்தின் சுற்றுக்காலம் சுமார் 4 மணி 15 நிமிடம். ஒவ்வொரு சுற்றிலும், வாயுத் தாரை வட்டில் மோதும் ஒளிப்பொட்டு மறைக்கப்படுகிறது. அந்தக் கிரகணத்தைப் பிடிக்க டாப்சோனியன் உதவாது. வானத்தைப் பின்தொடரும் ஈக்வடோரியல் மவுண்டும் கேமராவும் வேண்டும். வண்ணக் கேமரா என்றால் பச்சை நிறப் பகுதியை மட்டும் பிரித்து அளந்து, வடிப்பான் இடத்தில் ‘டி.ஜி.’ என்று குறிப்பிடுங்கள், ‘வி’ (தனி வடிப்பானுக்குரிய குறி) என்று அல்ல. 16-பிட் கேமராவில் ஒப்பீட்டு விண்மீனின் உச்சப் படப்புள்ளி மதிப்பு 45,000-ஐத் தாண்டாதபடி வெளிப்பாட்டு நேரத்தை வையுங்கள். அடங்கிய நிலைக்கு வைத்த நேரம் வெடிப்பின்போது நிரம்பி வழியும். அன்றைக்கு அதைக் குறைத்தே ஆகவேண்டும்.