புதுசு என்று விற்ற ஹார்ட் டிஸ்க் ஏற்கெனவே 25,000 மணி நேரம் ஓடியது: படம் சேர்ப்பவர்கள் கவனிக்க

வீட்டுக் கணினியில் சேர்த்த படங்களை டிவியில் காட்டும் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மென்பொருள் போட்டுப் படம் பார்ப்பவர்கள் பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா வாங்கிச் சேர்த்த பழைய தமிழ்ப் பட டிவிடிகளைக் கணினியில் ஏற்றி, அவர் நினைத்த நேரத்தில் டிவியில் பார்க்கும்படி செய்து வைத்திருக்கிறேன். ஒரு டிவிடி 8 ஜிபி வரை வரும். புளூரே என்றால் 25, 40 என்று போகும். இருந்த 4 டிபி நிரம்பிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் டேட்டா சென்டர் ரகத்து 16 டிபி சீகேட் டிஸ்க் விலை குறைவாகக் கிடைத்தது. "பாக்ஸ் வராது சார், பல்க் பேக்கிங். பீஸ் புதுசு" என்றார் கடைக்காரர். இந்த ரகம் டப்பா இல்லாமல் வருவது வழக்கம்தான். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்தும் காட்டினார்: ஓடிய நேரம் 0.

சில வாரங்களில் ஓடுகிற படம் நடுவில் நிற்க ஆரம்பித்தது. படிக்க முடியாத செக்டர்களின் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. புதிதாக ஏற்றிய படங்கள் பல போய்விட்டன. அவற்றில் சிலவற்றின் மூல டிவிடிகள் பூஞ்சை பிடித்து, இப்போது எந்த டிரைவிலும் ஓடவில்லை. அப்பாவிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

கடைக்காரர் காட்டிய அந்த 0 திருத்தி வைக்கக்கூடிய எண். சீகேட் டிஸ்க்குகளில் ஓடிய நேரத்தைத் தனியாகக் குறித்து வைக்கும் 'ஃபார்ம்' (FARM) என்று இன்னொரு பதிவு இருக்கிறது. மோசடிக்காரர்கள் பல நேரம் அதைத் தொடுவதில்லை. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். என் டிஸ்க்கில் 25,000 மணி நேரத்துக்கு மேல் காட்டியது. இரவு பகல் நிறுத்தாமல் ஏறக்குறைய 3 ஆண்டு ஓடினால்தான் அவ்வளவு வரும்!

இது ஒரு கடையோடு நிற்கிற விஷயம் இல்லை. 2025 ஜனவரியில் ஜெர்மனியின் ஹைசே செய்தித் தளம் இதே மோசடியை வெளிக்கொண்டு வந்தது. 2021இல், டிஸ்க் இடத்தை வைத்து ஈட்டும் சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக மொத்தமாக வாங்கி ஓட்டப்பட்ட டிஸ்க்குகள், லாபம் போனதும் சந்தைக்கு வந்திருக்கலாம் என்ற சந்தேகம் அப்போது எழுந்தது. அந்த டிஸ்க்குகளைத் தாங்கள் விற்கவில்லை என்று சீகேட் சொன்னது. ஃபார்ம் பதிவையும் சிலர் மாற்றுகிறார்களாம். அதனால் திருகுத் துளைகளிலும் சாட்டா பின்களிலும் (கேபிள் செருகும் இடம்) கீறல் இருக்கிறதா, லேபிளில் உள்ள தயாரிப்புத் தேதி என்ன என்று பாருங்கள். கடையில் நிற்கும்போதே சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டி எதுவரை என்று பார்த்துவிடுங்கள்.

திருப்பிக் கொண்டுபோனபோது நடந்ததுதான் அநியாயம். "டெஸ்டிங் வாரண்டி முடிஞ்சிடுச்சு சார்" என்றார் கடைக்காரர். வாங்கியதும் சோதித்துப் பார்க்கக் கடை தரும் குறுகிய கால உத்தரவாதத்தைச் சொல்கிறார். டிஸ்க் ஏறக்குறைய 3 ஆண்டு ஓடியிருக்கிறது, பில் போட்டுச் சில வாரங்கள்தானே ஆகிறது என்று காட்டியதும், "இது நாங்க கொடுத்த பீஸ்தான்னு எப்படி சொல்றீங்க?" என்று கேட்டார். பில்லில் 'ஹார்ட் டிஸ்க் 16 டிபி' என்று மட்டும் இருந்தது, சீரியல் நம்பர் இல்லை. அதே தெருவில் கேட்காமலேயே சீரியல் நம்பரை எழுதித் தரும் கடைகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் சேர்த்தே இவர் கெட்ட பெயர் வாங்கித் தருகிறார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அண்மையில் டிஸ்க் வாங்கியவர்கள் பில்லை எடுத்துப் பாருங்கள். சீரியல் நம்பர் இல்லையென்றால் இன்றைக்கே கடைக்குப் போய் எழுதி, முத்திரையோடு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.