ஒளிச்சேர்க்கைப் பெட்டி: சோதனை சரி, நிலாதான் தவறு

ஒன்பதாவது படிக்கும் மகளுக்காக ஈரோட்டுக் கடையொன்றில் 850 ரூபாய்க்கு வாங்கிய ஒளிச்சேர்க்கைச் செய்முறைப் பெட்டியை, கோபியில் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

குப்பி, பிளந்த தக்கை, அயோடின் கரைசல் எல்லாமே தரமானவை. இரண்டு நாள் இருட்டறையில் வைத்திருந்த தொட்டிச் செம்பருத்தியின் இலையொன்றில் பாதியை, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஊற்றிய குப்பிக்குள் செருகி வெயிலில் வைத்தோம். அந்தக் கரைசல் கரியமில வாயுவை உறிஞ்சிவிடும். மாலையில் இலையை எரிசாராயத்தில் வெளுக்கவைத்து அயோடின் விட்டபோது, வெளியே நின்ற பாதி கருநீலமானது, அதாவது அங்கே மாவுச்சத்து உருவாகியிருந்தது. உள்ளே இருந்த பாதி மஞ்சளாகவே நின்றது. தக்கை கவ்விய கோடும் வெளுத்திருந்ததற்கு வெளிச்சம் படாததே காரணம் என்பதை மகளே கண்டுபிடித்தாள். எரிசாராயத்தை நேரடித் தீயில் காட்டாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கிவைக்கச் சொல்லும் கையேடு, தோலை அரிக்கும் ஹைட்ராக்சைடுக்குக் கையுறை தராமல் விட்டது பொறுப்பின்மை.

பெரிய குறை சுவர்ப்படத்தில்தான். சர்க்கரை உருவாகும் பகுதிக்கு 'இருள்வினை' என்று தலைப்பிட்டு, மேலே ஒரு நிலாவையும் வரைந்திருக்கிறார்கள். "அப்பா, கரும்பு ராத்திரியிலயா சர்க்கரை செய்யுது?" என்று மகள் கேட்டதில் தவறில்லை. அமெரிக்க வேதியியலாளர் மெல்வின் கால்வினும் உடன் உழைத்தவர்களும் கதிரியக்கக் கார்பன்–14 கொண்டு பாசியில் தடம் பிடித்த, சர்க்கரை உருவாக்கும் அந்த வினைச் சுழற்சி, ஒளியை நேரடியாகப் பயன்படுத்துவதில்லையே தவிர, வெளிச்சத்தில் நடக்கும் ஒளிவினை தரும் ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். என்ற ஆற்றல் சுமக்கும் மூலக்கூறுகள் இல்லாமல் ஓடாது. ரூபிஸ்கோ என்ற நொதி, ஐந்து கார்பன் கொண்ட ஒரு சேர்மத்துடன் கரியமில வாயுவை இணைக்கிறது. மூன்று மூலக்கூறு வாயு உள்ளே போனால், மூன்று கார்பன் கொண்ட ஒரேயொரு சர்க்கரை மூலக்கூறுதான் மிச்சமாக வெளிவரும், மற்றவை சுழற்சியைத் தொடரவே திரும்பிப் போகின்றன. கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான்.

கரும்பு முதலில் நான்கு கார்பன் அமிலமாக வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றிய செல்களுக்கு அனுப்பி, அங்கே விடுவித்த பிறகே இந்தச் சுழற்சியில் சேர்க்கிறது. கரும்புக் காட்டுக்கு நடுவே வாழும் பிள்ளைகளுக்கு விற்கும் படத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

கடைக்காரரிடம் சொன்னதற்கு, "கம்பெனிக்காரங்க அச்சடிச்சதுங்க, நாங்க என்ன பண்றது" என்றார். நிலாவின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, மகள் சூரியனை வரைந்துவிட்டாள்.