பழைய பிஆர்டியைச் சுத்தம் செய்ய வேர்டின் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டர்: எதை எடுக்கிறது, எதை விடுகிறது

பிசினஸ் அனலிஸ்ட் (பிஏ) வேலைக்கான நேர்காணலில் "நீங்கள் எழுதிய ஆவணம் ஒன்றைக் காட்ட முடியுமா" என்று கேட்பது வழக்கம். பலர் செய்வது ஒன்றுதான்: பழைய பிஆர்டியை (பிசினஸ் தேவைகளை விவரிக்கும் ஆவணம்) எடுத்து, கிளையன்ட் பெயரை மாற்றி, கோப்பில் மறைந்திருக்கும் தகவலைத் தேடி நீக்க வேர்டில் இருக்கும் டாக்குமென்ட் இன்ஸ்பெக்டரை ஓட்டிவிட்டு, பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிடுவது. அந்த இன்ஸ்பெக்டரை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றியது இந்த விமர்சனம். கடைசிச் சோதனைக்கு அது அருமையான கருவி. அதை மட்டும் நம்பி எந்தக் கோப்பையும் வெளியே விடக் கூடாது.

ஒன்றை முதலிலேயே சொல்ல வேண்டும். சுத்தம் செய்துவிட்டதால் அந்த ஆவணம் உங்களுடையது ஆகிவிடாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி)-யின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் நிறுவனமே. என்டிஏ (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) பெரும்பாலும் வேலையை விட்ட பிறகும் தொடரும். எழுத்தில் அனுமதி இல்லாமல் அலுவலகக் கோப்பைச் சொந்த மெயிலுக்கு அனுப்புவதே பெரும்பாலும் மீறல். அதற்குப் பிறகு எந்தக் கருவியும் உதவாது. அனுமதி இருக்கும் ஆவணத்துக்கும், நீங்களே புதிதாக எழுதிய மாதிரிக்கும்தான் கீழே சொல்வது எல்லாம்.

இன்ஸ்பெக்டர் ஆபீஸ் 2007-இல் வந்தது. அதன் தேவை முன்பே தெரிந்திருந்தது: 2003 பிப்ரவரியில் பிரிட்டிஷ் அரசு ஈராக் பற்றிய அறிக்கையை வேர்டு கோப்பாகவே வெளியிட்டது; யார் யார் அதைத் திருத்தினார்கள் என்ற பதிவு உள்ளேயே இருந்தது. இன்று இதற்குத் தனிச் செலவு இல்லை. விண்டோஸ் வேர்டில் ஃபைல், இன்ஃபோ, செக் ஃபார் இஷ்யூஸ், இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட் என்று போனால் போதும். சில நீக்கங்களைத் திரும்பப் பெற முடியாது என்பதால் நகல் கோப்பில் மட்டுமே ஓட்ட வேண்டும்.

கமென்ட், ட்ராக் சேஞ்சஸ், எழுதியவர், கடைசியாகச் சேமித்தவர், கம்பெனி, மேனேஜர் ஆகிய பண்புகள், ஹிடன் டெக்ஸ்டாக வடிவமைத்த எழுத்து, கஸ்டம் எக்ஸ்எம்எல் தரவு எல்லாவற்றையும் இது நன்றாகவே பிடிக்கிறது. ஆனால் ஹெடர், ஃபூட்டரை நீக்கச் சொன்னால் பக்க எண்ணும் சேர்ந்து போய்விடும். ட்ராக் சேஞ்சஸை நீக்கும்போது மாற்றங்களை ஏற்றுக்கொண்டுவிடுகிறது. எவை வேண்டும், எவை வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்துவிடுவது நல்லது. தனிப்பட்ட தகவலை நீக்கிய கோப்பில் பிறகு யார் கமென்ட் போட்டாலும், சேமித்ததும் வெறும் 'ஆத்தர்' என்றே காட்டும். பலரும் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். இன்ஃபோ பக்கத்திலேயே இந்தத் தகவலைச் சேமிக்க அனுமதிக்கும் இணைப்பு இருக்கிறது. அதை அழுத்தினால் சரியாகிவிடும்.

இது விட்டுவிடும் விஷயங்கள்தான் ஒரு பிஏ-வைக் காட்டிக்கொடுக்கும். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து இதற்குத் தெரியாது. ஒரு பெட்டிக்குக் கீழே ஒளிந்திருக்கும் பொருளும் தெரியாது. ஸ்கிரீன்ஷாட்டின் ஓரத்தில் இருந்த லாகின் பெயரை கிராப் செய்து மறைத்திருந்தால், வெட்டிய பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து கம்ப்ரஸ் பிக்சர்ஸில் 'வெட்டிய பகுதிகளை நீக்கு' என்பதை டிக் செய்து, 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்பதை எடுத்துவிட்டால்தான் எல்லாப் படங்களிலிருந்தும் போகும். எக்செல்லிலிருந்து ஒட்டிய சார்ட் இன்னும் மோசம்: அதன் பின்னால் முழு ஒர்க்புக்கே உட்கார்ந்திருக்கலாம், லிங்க் ஆக ஒட்டியிருந்தால் கிளையன்ட் சர்வரின் பாதை இருக்கும். சார்ட்டைப் படமாக ஒட்டுவதே தீர்வு.

சரிபார்க்க எளிய வழி உண்டு. டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப். நகலின் பெயரில் நீட்சியை ஜிப் என்று மாற்றித் திறந்தால் படங்கள் மீடியா ஃபோல்டரிலும், ஒர்க்புக்குகள் எம்பெடிங்ஸ் ஃபோல்டரிலும் கிடக்கும். இணைப்புகளைப் பட்டியலிடும் ரெல்ஸ் கோப்பில் ஹைப்பர்லிங்க் முகவரிகள் தெரியும்; மேலே 'இங்கே பார்க்கவும்' என்று மட்டும் தெரியும் சொல்லின் அடியில் கிளையன்ட் டொமைன் முழுசாக இருக்கும். ஆனால் ஜிப்புக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்புகளில் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். வேர்டு ஒரே சொல்லைத் துண்டு துண்டாக உடைத்துச் சேமிப்பதால் பெயர் இருந்தும் தேடலில் சிக்காமல் போகலாம். வேர்டுக்குள்ளும் தேடுங்கள், வெளியேயும் தேடுங்கள்.

உள்ளடக்கத்தைப் பற்றி இன்ஸ்பெக்டருக்கு எதுவும் தெரியாது, தெரியவும் முடியாது. ரிக்வயர்மென்ட் எண்ணின் முன்னொட்டில் கிளையன்ட் சுருக்கப்பெயர், ஜிரா (பணிகளைப் பின்தொடரும் மென்பொருள்) டிக்கெட் எண்ணின் முன்னால் வரும் ப்ராஜெக்ட் கீ, உள்ளே மட்டும் வழங்கும் சிஸ்டம் பெயர், டேட்டா டிக்ஷனரியின் (தரவுப் புலங்களை விளக்கும் பட்டியல்) எடுத்துக்காட்டு வரிசையில் நிஜ வாடிக்கையாளரின் விவரம் என எதையும் அது பிடிக்காது. பெயரே இல்லாவிட்டாலும், கிளைகளின் எண்ணிக்கை, கோர் பேங்கிங் தொகுப்பு (வங்கியின் மைய மென்பொருள்), கோ-லைவ் மாதம் (அது பயன்பாட்டுக்கு வந்த மாதம்) மூன்றும் ஒன்றாக இருந்தால் அந்தத் துறையில் இருப்பவருக்கு எந்த வங்கி என்று புரிந்துவிடும்.

எக்செல்லிலும் இன்ஸ்பெக்டர் உண்டு. ஆர்டிஎம் (தேவைகளைச் சோதனைகளோடு இணைத்துக் காட்டும் அட்டவணை), யூஏடி (பயனர் ஏற்புச் சோதனை) அறிக்கைகளில் பார்க்க வேண்டியது, தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிள். மூலத் தரவு இருந்த ஷீட்டை அழித்தாலும் அந்தத் தரவின் நகல் பிவட்டின் கேஷாகக் கோப்புக்குள்ளேயே தங்கலாம். மொத்தத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் வரிசைகள் புது ஷீட்டில் வந்து விழும். காப்பி செய்து வேல்யூஸ் மட்டும் ஒட்டுங்கள். டிரா.ஐஓ என்ற வரைபடக் கருவியில் வரைந்த ப்ராசஸ் மேப்பைப் பிஎன்ஜி ஆக்கும்போது 'வரைபடத்தின் நகலைச் சேர்' என்பது டிக் ஆகியிருந்தால், திருத்தக்கூடிய வரைபடம் அப்படியே படத்துக்குள் போகும்.

பிடிஎஃப்பில் கறுப்புப் பெட்டி வரைந்து மறைப்பது வேண்டவே வேண்டாம். 2019 ஜனவரியில், டிரம்ப்பின் முன்னாள் தேர்தல் பிரசார மேலாளர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், கறுப்பிட்ட பகுதியைக் காப்பி செய்து ஒட்டியவர்கள் அடியிலிருந்த எழுத்தைப் படித்துவிட்டார்கள். மறைப்பதை வேர்டிலேயே சொல்லை மாற்றிச் செய்யுங்கள். பிடிஎஃப்பாகச் சேமிக்கும் ஆப்ஷன்ஸில் டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ் டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

இத்தனை ஓட்டைகள் இருப்பதால் பழைய கோப்பைத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தமாக்குவதைவிட வெற்று டாக்குமென்டில் தொடங்குவது சிறந்தது, வேகமும்கூட. எடுத்துப் போக வேண்டியது எலும்புக்கூடு மட்டுமே: ஸ்கோப், ஸ்டேக்ஹோல்டர் பட்டியல், பிசினஸ் ரூல்ஸ், நான்-ஃபங்ஷனல் தேவைகள் (வேகம், பாதுகாப்பு போன்றவை), ஆர்டிஎம் நெடுவரிசைகள். துறையையும் மாற்றுங்கள், கடன் ஒப்புதல் ஓட்டத்தை நூலகத்தில் புத்தக முன்பதிவாக்கினாலும் விதிவிலக்கு வழிகளை நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பது தெரியும், கேட்பவருக்குத் தேவை அதுதான். சொந்த டெம்ப்ளேட்டிலிருந்து ஒட்ட நேர்ந்தால் கீப் டெக்ஸ்ட் ஒன்லி முறையில் ஒட்டுங்கள். இல்லையென்றால் ஸ்டைல், புக்மார்க், லிங்க் எல்லாம் கூடவே வரும். ஐந்தாறு பக்கம் தாராளம். முழு பிஆர்டியை நேர்காணலில் யாரும் படிப்பதில்லை.

எழுதி முடித்த பிறகு இன்ஸ்பெக்டரை ஓட்டுங்கள். எல்லா வரியிலும் டிக் வந்தால் கோப்பின் பெயரையும் ஒருமுறை பாருங்கள். கிளையன்ட் பெயர் அதில் அப்படியே இருப்பது சகஜம், அதை இன்ஸ்பெக்டர் சொல்லாது.