திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம்: நேரடி விமானமா, கப்பலா, கொழும்பு சுற்றா?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர்தான். திருச்சிக்காரர்களுக்குச் சென்னையைவிட யாழ்ப்பாணம் பக்கம். அப்படியிருந்தும், கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர் வடக்கே பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்பி வருவதுதான் வெகுகாலம் வழக்கமாக இருந்தது. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ திருச்சி–யாழ்ப்பாணம் நேரடிச் சேவையைத் தொடங்கியதும்தான் கணக்கு மாறியது.

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72 என்ற சிறிய புரொப்பல்லர் விமானம். பலாலியின் ஓடுபாதை பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாது. மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் என்று பார்த்தால் 185 கிலோமீட்டருக்கு அரை மணி நேரம்கூட ஆகக்கூடாது. ஆனால் ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து கால அட்டவணையில் சுமார் ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. குறுகிய வழிகளில் தூரத்தை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டால் தப்பாகவே வரும். இரு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான் என்பதால் டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

சரி, வீட்டிலிருந்து வீடு வரை எவ்வளவு ஆகும்? வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பது ஒன்று, இறங்கி இமிக்ரேஷன், பெட்டி என்று இன்னொன்று, யாழ் நகருக்கு அரை மணிக்கு மேல். மொத்தம் ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வழியில் பறப்பதும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான், ஆனால் அதன்பின் சாலையிலேயே எட்டு மணி நேரம் போய்விடும். கொழும்பில் வேலை இருந்தால் ஒழிய அந்தச் சுற்று வேண்டாம்.

உண்மையான போட்டி நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல்தான். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. கடலில் சுமார் நான்கு மணி நேரம். காங்கேசன்துறையும் பலாலியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால் அந்தக் கரையில் இறங்கியபின் இரண்டு வழிக்கும் வித்தியாசம் கிடையாது. இந்தக் கரையில்தான் எல்லாமே. திருச்சிக்காரருக்கு நாகை போகவே மூன்று மணி நேரம் ஆகும், அவருக்கு விமானம்தான் சரி. தஞ்சாவூர்க்காரருக்கும் அதேதான். திருவாரூர், காரைக்கால், நாகை பக்கத்தவர்கள் திருச்சி வரை மேற்கே வந்து மறுபடி கிழக்கே பறப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. நேரத்திலும் அவர்களுக்குக் கப்பல் சளைத்ததல்ல. ஒரே எச்சரிக்கை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நின்றுவிடும். நவம்பர், டிசம்பரில் கல்யாணம், காரியம் என்று தேதி குறித்துப் போகிறவர்கள் எந்த ஊராக இருந்தாலும் விமானத்திலேயே இடம் பிடித்துவிடுங்கள்.